ஆறாம் நம்பர் பை

அத்தியாயம் ஒன்பது

சகாதேவன் சார் உட்கார்ந்து நான் பார்த்தது இரண்டே இடங்களில்தான். ஒன்று முடிவெட்டும் கடை, இன்னொன்று அவருடைய கல்யாண போட்டோ. அந்த போட்டோவிலும் பாதி எழுந்துவிட்ட மாதிரிதான் இருப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் காலை ஒன்பது மணியிலிருந்து மலை சுற்றும் பாதையிலுள்ள வாயுலிங்கத்துக்குப் பின்னால், ஈர இலைகளுக்கு நடுவே முழங்கால் போட்டுக் கிடந்தார். விஷயம் அவ்வளவு மோசமாக இருந்தது.

இப்போது மணி பதினொன்றரை. ஐப்பசித் தூறல் வருவதும் போவதுமாக இருந்தது. எங்கள் கட்சிக்காரி சந்திரகலா வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் பிடி பிடியாக இலைகளை உதறி, பூதக்கண்ணாடியால் துருவிக்கொண்டிருந்தாள். சாருடைய துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளனாகிய நான், வேடியப்பன், இருவருக்கும் குடை பிடித்தேன். பி.ஏ. படித்தது இதற்குத்தான் போலும்.

"இதுவா பாருங்க" என்றார் சார்.

"இல்ல சார். இதுக்கு வால் இருக்கு" என்று சந்திரகலா ஊசி நுனியால் அதைத் தொட்டாள். கடுகில் கால்வாசிகூட இல்லாத அந்தப் பூச்சி சட்டென்று காணாமல் போனது. "ஸ்பிரிங்டெயில்னு இதனாலதான் பேர் வந்துச்சு. வாலை வயித்துக்கடியில மடிச்சு, கொக்கி போட்டு வெச்சிருக்கும். தொட்டா கொக்கியை விட்டுடும். உடனே எகிறிடும்."

"உங்க சொந்தக்காரன் சார்" என்றேன் அவரிடம். அவர் சிரிக்கவில்லை. எழுந்து மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

எங்களுக்கு நேரம் நாலு மணி வரைதான். சந்திரகலா கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விவசாயம் பார்க்கும் குடும்பத்துப் பெண். வேங்கிக்காலில் ரூம் எடுத்துத் தங்கி, இங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிறாள். மலையைச் சுற்றி இருக்கும் எட்டு லிங்கங்களின் பக்கத்திலிருந்தும் எட்டுப் பைகளில் இலைக்குப்பை கொண்டுவரச் செய்து, அதிலுள்ள பூச்சிகளைப் பிரித்தாள். ஆறாம் நம்பர் பையில் ஒரே ஒரு வெள்ளைப் பூச்சி கிடைத்தது. கண் இல்லை, வாலும் இல்லை. அதுமாதிரி ஒன்றை உலகத்தில் எவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

துறைத்தலைவர் கோதண்டராமன், கட்டுரையில் தன் பெயரை முதலில் போடச் சொன்னார். இவள் மாட்டேன் என்றாள். பத்தே நாளில் அவர் பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்: இது பழைய வகைப் பூச்சிதான், வாலை ஊசியால் முறித்துவிட்டுப் புதுசு என்று ஏமாற்றுகிறாள். இன்று நாலு மணிக்கு விசாரணை. அதே மாதிரி இன்னொரு பூச்சியைக் காட்டினால் பிழைத்தாள். காட்ட முடியாவிட்டால் வேலை போகும். வேலையாவது வேறு எங்காவது கிடைக்கலாம். பொய்ப் பூச்சி செய்தவள் என்று பெயர் வந்தால், அப்புறம் எந்த மைக்ராஸ்கோப் பக்கமும் அவளை யாரும் சேர்க்க மாட்டார்கள்.

காலையில் விசாரணை நோட்டீஸின் நகலை வாங்கக் கல்லூரிக்குப் போனபோது கோதண்டராமனையும் பார்த்தோம். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வருகைப் பதிவேட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடினார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி ஓடியது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஏம்மா, இவ்வளவு சின்னதை இன்னாருன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறீங்க?" என்று சார் நடந்துகொண்டே கேட்டார்.

"கேள்வி கேட்டுத்தான் சார். ஒரு கேள்விக்கு ரெண்டே பதில். கண் இருக்கா, இல்லையா? இருந்தா ஒரு வழி, இல்லைன்னா ஒரு வழி. அந்த வழியில போனா அடுத்த கேள்வி. பின்பக்கம் முள் இருக்கா, இல்லையா? இப்படிப் பத்து பன்னெண்டு கேள்வி தாண்டினா அதோட பேரினம் வந்துடும்." அவள் குரல் இறங்கியது. "என்னோடதுக்குக் கண் இல்லை. பின்பக்கம் மூணு முள் இருக்கு. அந்த வழியில இதுவரைக்கும் போன எல்லாத்துக்குமே வால் உண்டு. இதுக்கு மட்டும் இல்லை. புத்தகத்துல அதுக்கு மேல வழியே இல்ல சார். வால் நிஜமாவே இல்லைன்னா புதுப் பேரினம். முறிஞ்சு போனதுன்னா பழசு."

"முறிச்சதுன்னா?"

"நான் பொய்க்காரி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பிடி இலையை எடுத்தாள். எனக்கு அந்தக் கோதண்டராமன் மேல் அப்போது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

"சரி, நாமளும் அதே மாதிரி கேப்போம்" என்றார் சார். "பூச்சி இருக்கா, இல்லையா? ஒண்ணு கிடைச்சிருக்கு, அதனால இருக்கு. இங்க இருக்கா, இல்லையா? நீங்க நாலு வாட்டி வந்து தேடியாச்சு. இன்னிக்கு மூணு பேர் தேடியாச்சு. இங்க இல்லை. அப்ப வேற எங்கியோ இருக்கு."

"இதைக் கண்டுபிடிக்க ஒரு துப்பறியும் நிலையம் வேணுமா சார்?"

"குடையை நேராப் பிடி" என்றார்.

மிச்சமிருக்கும் பழைய குப்பையைக் கல்லூரியில் மறுபடி பார்க்கலாம் என்று கிளம்பினோம். எங்களை ஏற்றி வந்த ஜட்கா ரோட்டோரம் நின்றது. சார், வந்த வழியே திருப்பச் சொன்னார்.

ஜட்காக்காரர் பலராமன் தலையைச் சொறிந்தார். "வந்த வழியில திரும்பாதுங்க."

"எது?"

"குதிரைதாங்க. பத்து வருசமா மலை சுத்தறவங்களைத்தான் ஏத்திக்கினு போவுது. மலை வலப்பக்கம் இருந்தாத்தான் காலை எடுத்து வெக்கும். இப்படியே குபேரலிங்கம் தாண்டி முழுசாச் சுத்தி ஊருக்குள்ள வுட்டுடறேன்."

சந்தேகத்தோடு ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொன்னோம். குதிரை வண்டியோடு அரைவட்டம் திரும்பி, மலை இடப்பக்கம் வந்ததும் கல் மாதிரி நின்றுவிட்டது. பலராமன் கெஞ்சினார், அதட்டினார், மடியிலிருந்து வெல்லம் எடுத்துக் காட்டினார். அது காதைக்கூட அசைக்கவில்லை.

"பக்தியான குதிரை" என்றேன்.

"பக்தி இல்லய்யா, பழக்கம்" என்றார் சார். சொன்னவர் அப்படியே நின்றார். "சந்திரகலா, அந்த எட்டுப் பையும் நீங்களே போயி எடுத்ததா?"

"இல்ல சார். அப்ப எனக்கு மஞ்சக்காமாலை. ரூம்ல படுத்திருந்தேன். மலையில விறகு பொறுக்கற ஆராயிகிட்ட பைங்களைக் குடுத்தனுப்பினேன். அவங்களுக்கு நம்பர் படிக்கத் தெரியாது. அதனால ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வரிசையா அடுக்கிக் கட்டி, மேல இருக்கறதை முதல்ல எடுங்க, லிங்கத்துக்கு ஒரு பைன்னு சொன்னேன். இந்திரலிங்கம் ஒண்ணு, அக்னி ரெண்டு, எமன் மூணு, நிருதி நாலு, வருணன் அஞ்சு, வாயு ஆறு."

"எந்தப் பக்கமாச் சுத்தணும்னு சொன்னீங்களா?"

சந்திரகலா அவரை விநோதமாகப் பார்த்தாள். "அதை யாராவது சொல்லுவாங்களா சார்?"

சார் அதற்குள் பத்தடி போய்விட்டார்.

ஆராயியின் வீடு அடிஅண்ணாமலையில், அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் வந்த வழியே, மலையை இடப்பக்கம் வைத்துப் போக வேண்டும். குதிரையை விட்டுவிட்டு நடந்தோம். சார் ஓடினார் என்று சொல்வதுதான் சரி.

ஆராயி வாசலில் உட்கார்ந்து விறகைச் சிராய் சிராயாகப் பிளந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தூறலுக்காக ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து, கட்டைகளுக்கு நடுவில் செருகி வைத்திருந்தார். குடை புதுசாக இருந்தது. அந்த வாசலில் வேறு எதுவும் புதுசாக இல்லை.

"ஏம்மா, அன்னிக்குப் பை குடுத்தேனே, நீங்க முதல்ல எந்த லிங்கத்துக்குப் போனீங்க?" என்று சந்திரகலா மூச்சு வாங்கக் கேட்டாள்.

"வேங்கிக்கால்ல உன்னாண்ட பையை வாங்கினேன். ஊட்டுக்கு வர்ற வழியில இன்னா கீது? ஈசானியலிங்கம். அப்பால குபேரன். அப்பால வாயு. ஊட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சேன். மிச்சம் அஞ்சையும் அப்படியே போயி முடிச்சுட்டேன்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மலையை அப்படி ஏறுமாறாச் சுத்தலாமா?"

"சாமி கும்புடப் போனா ஒழுங்காத்தான் சுத்துவேன். இது கூலி வேலை. கூலிக்குப் போனதைக் கிரிவலத்துல சேத்துக்கோன்னு சாமியை ஏமாத்தச் சொல்றியா?"

சந்திரகலா விரல்விட்டு எண்ணினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஈசானியம், குபேரன், வாயு, வருணன், நிருதி. ஆறாவது விரலில் நின்றாள். "எமலிங்கம்" என்றாள். விறகுக் கட்டு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு மாசமா நான் தப்பான எடத்துல தேடியிருக்கேன் சார். பிரதட்சிணமாத்தான் போயிருப்பாங்கன்னு... எனக்கு வேற மாதிரி நினைக்கவே தோணலை."

"குதிரைக்கும் தோணலை. வருத்தப்படாதீங்க" என்றேன்.

"அங்க இலை ரொம்பக் கம்மிம்மா" என்றார் ஆராயி, ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி. "அரிவாளால மண்ணோட சுரண்டித்தான் அந்தப் பையை ரொப்பினேன். அதுக்குத்தானா இவ்ளோ பேர் வந்து கேக்கறீங்க? போன மாசம் அந்த சாரும் இதையேதான் கேட்டாரு."

சகாதேவன் சாரின் கால்கள் நின்றன. "எந்த சாரும்மா?"

"பேரு தெரியாது. காலேஜு சாரு. ஸ்கூட்டர்ல வந்தாரு. எந்தப் பக்கமாப் போனேன்னு கேட்டுக்கினு போனாரு. போன வாரம் மறுபடியும் வந்து, எமலிங்கத்தாண்ட மரத்தடி இலையெல்லாம் வாரிக் கொளுத்திடு, பாம்பு அண்டுதுன்னாரு. மழையில எப்படி சார் வாரறதுன்னேன். கையில இருந்த குடையை அப்படியே குடுத்துட்டுப் போயிட்டாரு. தங்கமான மனுசன்."

"வாரிட்டீங்களா?" என்றாள் சந்திரகலா.

"வாரி, ரெண்டு நாள் காய வுட்டு, கொளுத்தியே போட்டேன். இப்ப போயி பாரு, எப்படி சுத்தமா கீதுன்னு."

சார் குடையைச் சுற்றி நடந்தார். "வேடியப்பா, கேள்வி ஒண்ணு. வாரச் சொன்னவரு காலேஜா, இல்லையா?"

"காலேஜ்."

"ஸ்கூட்டர் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"குடை இருக்கா, இல்லையா?"

நான் குனிந்து குடைத் துணியின் ஓரத்தைத் திருப்பினேன். ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி, காணாமல் போகாமலிருக்க வெள்ளைப் பெயிண்டில் கோ.ரா. என்று எழுதியிருந்தது. "காலையில தலைமேல ரிஜிஸ்டர்தான் சார் இருந்துச்சு" என்றேன்.

"பேரினம் தெரிஞ்சுபோச்சு" என்றார் சார். பிறகு ஆராயியிடம் பணிவாகச் சொன்னார். "அந்த சாரு குடையில்லாம காலையில நல்லா நனைஞ்சுட்டாரும்மா. இருமல் வந்துடும். நாலு மணிக்குக் காலேஜுக்கு வந்து குடையைக் குடுத்துடுங்க. பிரின்சிபால் ரூம்ல இருப்பாரு."

"அடப் பாவமே. தோ வரேன்" என்றார் ஆராயி.

வண்டி நின்ற இடத்துக்கே திரும்பினோம். எமலிங்கத்துக்கு வண்டியில் போனால்தான் நேரத்துக்கு முடியும். அதுவும் அந்த ஏறுமாறான பக்கமாக. முழுசாகச் சுற்றிப் போக நேரமில்லை. பலராமன் சிறிது யோசித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குதிரையின் கண்களைக் கட்டினார். குதிரை ஒருமுறை தும்மிவிட்டு, ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. கண் இல்லாவிட்டால் அதற்கு மலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன.

வழியெல்லாம் சார் வண்டிக்குப் பக்கத்தில் ஓடித்தான் வந்தார்.

எமலிங்கத்தின் பின்னால் இருந்த மரத்தடியைப் போய்ப் பார்த்தோம். கூடம் பெருக்கி விட்ட மாதிரி மண் மொட்டையாகக் கிடந்தது. ஒரு மூலையில் சாம்பல் கரைந்து ஓடியிருந்தது. ஆராயி கூலிக்குக் குறை வைக்கிற ஆளில்லை.

"மணி ரெண்டே முக்கால்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

சந்திரகலா அழவில்லை. குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கண்கட்டோடு சாதுவாகப் புல் மோந்துகொண்டிருந்தது. "சார், கண் எதுக்கு?" என்று கேட்டாள்.

"பாக்கறதுக்கு" என்றேன்.

"வெளிச்சம் இருக்கற எடத்துல பாக்கறதுக்கு. வால் எதுக்கு? குதிச்சுத் தப்பிக்கறதுக்கு. இலைக்கு நடுவுல இருக்கறதுக்கு ரெண்டும் வேணும். இதுக்கு ரெண்டும் இல்லையே. மண்ணுக்குள்ள ஒரு சாண் கீழ இருந்தா குதிச்சு என்ன பண்றது, தலைதான் இடிக்கும்." அவள் பேச்சு வேகமானது. "ஆராயி இங்க மட்டும்தான் மண்ணோட சுரண்டினாங்க. நான்தான் இலைப்பூச்சின்னு முடிவு பண்ணி இலையிலேயே தேடினேன். புரொபசரும் அதே தப்பைத்தான் பண்ணியிருக்காரு. அவரு வாரினது மாடி சார். அது குடியிருக்கறது கீழ் வீடு."

பலராமன் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வாளியைக் கொண்டுவந்தார். நான் கடப்பாறைக்குப் பதிலாக ஜட்காவின் இரும்புக் கம்பியால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, சந்திரகலா வாளித் தண்ணீரில் மெதுவாகக் கரைத்தாள். "இதுங்க உடம்புல தண்ணி ஒட்டாது. இருந்தா மிதக்கும்" என்றாள்.

முதல் வாளியில் வேர்த்தூசிதான் மிதந்தது. இரண்டாவதிலும் அதுவே. சார் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எனக்குத் தலை சுற்ற வைத்தார். மூன்றாவது வாளி கலங்கித் தெளிந்தபோது, ரவையை ஒன்றிரண்டாகத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் மேலே வந்தன. சந்திரகலா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றை வண்ணத் தூரிகையின் நுனியால் எடுத்து, உள்ளங்கையில் வைத்து, ஊசியால் தொட்டாள்.

அது குதிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நிதானமாக நடந்தது.

மறுபடி தொட்டாள். மறுபடியும் நடந்தது. சந்திரகலா அப்போதுதான் அழுதாள். நானும் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூறல் பட்டது என்று சாரிடம் சொன்னேன்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிரின்சிபால் அறையில் இருந்தோம். பதினொரு பூச்சிகள் ஈரப் பஞ்சு வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தன. சந்திரகலா மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தாள்.

"நான் கெமிஸ்ட்ரி. எனக்கு என்ன தெரியும்?" என்றபடியே பிரின்சிபால் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "நடக்குதே" என்றார் கடைசியில். "காயம் எதுவும் தெரியலையே, கோதண்டராமன்."

கோதண்டராமன் அசரவில்லை. நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார். "ஒண்ணுக்கு வாலை முறிச்ச கை பதினொண்ணுக்கும் முறிக்கும் சார்."

"முறிச்சா ஒரு மணி நேரம்கூட உயிரோட இருக்காது சார். நாளைக்கு வரைக்கும் நீங்களே வெச்சுப் பாருங்க" என்றாள் சந்திரகலா. அவள் குரல் இப்போது இறங்கவில்லை.

"சரி, இருக்கட்டும். இதை எங்க பிடிச்சீங்க? உங்க நோட்டுல வாயுலிங்கம்னு எழுதியிருக்கு. நானே அங்க ஆளனுப்பித் தேடினேன், ஒண்ணும் இல்லை. எங்கேருந்தோ எதையோ கொண்டுவந்து காட்டினா அது ஆராய்ச்சியா?" அவர் பிரின்சிபால் பக்கம் திரும்பினார். "அந்தப் பையை எங்க எடுத்தாங்கன்னே இந்தப் பொண்ணுக்குத் தெரியாது சார். தெரிஞ்ச சாட்சி ஒருத்தரும் கிடையாது."

பிரின்சிபால் முகத்தில் மறுபடி குழப்பம் வந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார். சந்திரகலா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சார் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார்.

வெளியே பியூன் யாரையோ தடுக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஆராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மடக்கின குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிரின்சிபாலை அவர் கண்டுகொள்ளவில்லை. எங்களையும் கண்டுகொள்ளவில்லை. நேரே கோதண்டராமன் முன்னால் போய், இரண்டு கையாலும் குடையை நீட்டினார்.

"இந்தா சார் உன் குடை. நனைஞ்சுட்டியாமே." அவர் முகத்தில் நிஜமான கரிசனம் இருந்தது. "வர்ற வழியில எமலிங்கத்தாண்ட பாத்தேன் சார். நீ வாரிக் கொளுத்தச் சொன்ன எடத்துல மறுபடியும் இலை வுழ ஆரம்பிச்சிடுச்சு. இன்னொரு வாட்டி வாரிடட்டுமா?"

பிரின்சிபால் கையை நீட்டிக் குடையை வாங்கினார். துணியின் ஓரத்தைத் திருப்பி, வெள்ளை எழுத்துகளை மூக்குக்கண்ணாடிக்கு வெகு அருகில் வைத்துப் படித்தார்.

சகாதேவன் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.